உப்பளத் தொழிலாளர் நிவாரணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வர்க்கம் என்றதும் நம் இலக்கியப் பேச்சு பண்ணையார், கூலியாள் என்று வயல்காட்டோடு நின்றுவிடுகிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களோடு பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவல் 1979-இல் வந்தது. இன்றும் பாத்தியில் இறங்குபவருக்குக் கண் கூசுகிறது, உப்புநீரில் நின்று காலில் புண் வருகிறது. அளத்துக்குச் சொந்தக்காரர் யாரும் வரப்பில் நின்று உப்பு வாருவதில்லை!

அக்டோபரில் மழை பிடித்தால் பாத்தி மூழ்கி, வேலையும் நின்றுவிடும். அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. சரி, நல்லதுதான். ஆனால் மழைக்காலம் முழுவதற்கும் அது எந்த மூலைக்கு? வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பெரிகிறது. அந்தத் தொகையை மாதாமாதம் தருவதே நியாயம்.

- வாசகர், தூத்துக்குடி