சார்லஸ்டவுன் பெயர் வந்த விதம்

அன்புள்ள கண்ணம்மா,

பேரனின் பள்ளிக் கட்டுரைக்காகத் தென்னாப்பிரிக்காவின் சார்லஸ்டவுனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்து ராஜா பெயர் என்று எழுத விடாதே. அந்த ஊர் இருக்கிற நேட்டால் அப்போது பிரிட்டிஷ் காலனி; அதன் கவர்னர் சர் சார்லஸ் மிட்செல், அவர் பெயர்தான். நேட்டாலில் அதுதான் வழக்கம்: லேடிஸ்மித்தும் ஒரு கவர்னர் மனைவியின் பெயர்தான்.

அங்கே ஏன் ஊர் எழுந்தது என்பதையும் பையன் எழுதவேண்டும். நேட்டால் ரயில்வே டர்பனிலிருந்து மலையேறி, லைங்ஸ் நெக் என்ற கணவாயில் சுரங்கப்பாதை குடைந்து, 1891-இல் எல்லையை எட்டியது. அப்பால் டிரான்ஸ்வால், தனி நாடு. தண்டவாளம் இல்லை. சரக்கை இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றவேண்டும்; பயணிகள் குதிரைக் கோச்சுக்கு மாறவேண்டும். 1893-இல் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிடப்பட்ட காந்தி, அடுத்த ரயிலில் வந்து கோச் ஏறியதும் இங்கேதான். இறக்கி ஏற்றுகிற இடத்தில் கூலிவேலை இருக்கும், கடை இருக்கும், தங்குமிடமும் இருக்கும்.

அந்த வாழ்வு நாலைந்து வருஷம்தான். 1895 கடைசியில் டிரான்ஸ்வால் பாதையும் வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் தண்டவாள அகலம் ஒன்றே, 3 அடி 6 அங்குலம். வண்டி நிற்காமல் ஜொகன்னஸ்பர்க் போகலாம். அகலம் மாறியிருந்தால் சரக்கு மாற்றும் வேலையாவது ஊருக்கு மிஞ்சியிருக்கும்.

நம் ஜனங்களுக்கு அந்த ஊர் முக்கியமானது 1913-இல். கூலி ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மீது விதித்த 3 பவுன் வரியை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் அவர்களிடம் போய்ப் பேசியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள். இதைக் கட்டாயம் எழுதச் சொல். பள்ளியில் காந்தியோடு நிறுத்திவிடுவார்கள். தொழிலாளர்கள் சார்லஸ்டவுனுக்கு 36 மைல் நடந்தே வந்தார்கள். அங்கே குடியிருந்ததே ஏறக்குறைய ஆயிரம் பேர். அந்தச் சின்ன ஊரில் இவ்வளவு கூட்டத்துக்கும் சோறு பொங்கிப் போட்டார்கள். அனுமதியில்லாமல் டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து கைதாவதற்காக நவம்பர் 6 காலையில் எல்லை நோக்கிக் கிளம்பியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள். வழியில் ஆளுக்கு ஒருநாள் படி ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. 1914-இல் வரி ஒழிந்தது.

வரைபடத்தில் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், லேடிஸ்மித், நியூகாசில், சார்லஸ்டவுன், டிரான்ஸ்வால் பக்கத்து ஊரான வோல்க்ஸ்ரஸ்ட் என்று வரிசையாகக் குறிக்கட்டும். எல்லைக்கோடு கடைசி இரண்டுக்கும் நடுவே வரவேண்டும். இன்றைக்கும் மாகாண எல்லை அங்கேதான்.

அன்புடன்,
அம்மா