நிறத்துக்குக் குணம் இருக்கட்டும், எழுத்து தெரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இணையதளங்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நீலம் போட்டால் நம்பிக்கை வரும், சிவப்பு போட்டால் பசி எடுக்கும், பச்சை என்றால் நிம்மதி என்று நிறத்துக்கு நிறம் ஜாதகம் கணித்திருக்கிறார் கட்டுரையாளர். இதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், இந்தப் பலன்களை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம். பங்குச்சந்தைப் பக்கத்தில் நமக்குச் சிவப்பு என்றால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தம்; சீனாவிலும் ஜப்பானிலும் அதே சிவப்பு விலை ஏறியதைக் காட்டும். எல்லாம் ஊர்ப் பழக்கம்தான். அந்த நிறத்தில் எழுதியதை ஒருவரால் வாசிக்க முடிகிறதா என்கிற ஒரு கேள்வி மட்டும் கட்டுரையில் எங்குமே இல்லை.

அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறோம். வெள்ளையில் கறுப்புக்கு 21, அதுதான் உச்சம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்று இணையத்துக்கான தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008லேயே வரையறுத்துவிட்டது. வெள்ளையில் சுத்தமான சிவப்பு 4தான் வரும், வழக்கமான ஆரஞ்சு 2ஐக்கூடத் தொடாது. 777777 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல் அந்த 4.5ஐ மயிரிழையில் தவறவிடும், அதையே 767676 என்று ஒரு படி அடர்த்தியாக்கினால் தேறிவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. டிசைனர்கள் இப்போது விரும்பிப் போடுவதோ அதைவிட வெளிறிய சாம்பல். ஏசி அறையில் பெரிய மானிட்டரில் இளவயதுக் கண்ணுக்கு அது நேர்த்தியாகத்தான் இருக்கும். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனைக் கையால் மறைத்து மறைத்துப் பார்க்கும் 60 வயதுக்காரர் என்ன செய்வார்? அந்த வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சமே 20 வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

தமிழில் இன்னும் மோசம். மெல்லிய ஃபான்ட்டை வெளிர் சாம்பலில் போட்டுப் போனில் திறந்து பாருங்கள், முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி, அப்புறம் ஒற்றைக் கொம்பா இரட்டைச் சுழிக் கொம்பா என்பது. ஆங்கிலப் பக்கத்துக்கு ஒத்துவந்த சாம்பலை யோசிக்காமல் அப்படியே தமிழ்ப் பக்கத்திலும் ஒட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது, நிறத்தை மட்டும் வைத்து விஷயம் சொல்வது. என் மச்சானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ரயில்வே வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்த இஷிஹாரா அட்டையைக் காட்டியபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. ஒரு தளத்தில் விண்ணப்பம் நிரப்பி, சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தினால் சரியான கட்டங்களைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு, தப்பான கட்டத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு, வேறு ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு எல்லாமே ஒரே மங்கல் பழுப்பு. எது தப்பு என்று தேடித் தேடி, நேரம் முடிந்து வெளியே தள்ளிவிட்டது. ‘பின்கோடில் ஒரு எண் குறைகிறது’ என்று கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம்தான் அதிகம். மார்க் ஸக்கர்பெர்க்குக்கும் இது உண்டு, தனக்கு நன்றாகத் தெரிகிற நிறம் என்பதால்தான் ஃபேஸ்புக்குக்கு நீலம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்பிக்கையாவது கிம்பிக்கையாவது!

இதெல்லாம் ரசனை விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லிருந்து இருக்கிறது, அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009ல் வந்து 2023ல் மூன்றாம் பதிப்பையும் கண்டுவிட்டன, இணைய வசதியை எல்லோரும் அணுக முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொல்லி என்ன, டெண்டரில் ஒரு வரியாகப் போய்விடுகிறது, திறப்பு விழாவுக்கு முன்னால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் பக்கம் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் முடி. எது தலைப்பு, எது பட்டன் என்று அதிலேயே புரிய வேண்டும். சரி, அப்புறம் ஒரே ஒரு அழுத்தமான நிறத்தை எடுத்து, மக்கள் அழுத்த வேண்டிய இடத்துக்கு மட்டும் கொடு. அதே நிறத்தை விளம்பரப் பட்டைக்கும் அலங்காரக் கோட்டுக்கும் பூசினால் பட்டன் எங்கே என்று தேட வேண்டியதாகிவிடும்.

கடைசியாக உங்கள் தளத்துக்கே வருகிறேன். படக்குறிப்புகளும் செய்தி வெளியான தேதியும் வெளிர் சாம்பலில் இருக்கின்றன. பழைய செய்தியைப் புதுசு என்று நினைத்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களைத் திட்டித் தலையங்கம் எழுதுகிறீர்கள், ஆனால் தேதி கண்ணில் பட்டால்தானே பார்ப்பார்கள்? குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் அந்த எழுத்தின் நிறத்தைச் சொடுக்கினால் கான்ட்ராஸ்ட் எவ்வளவு என்று அதுவே காட்டும். உங்கள் டெவலப்பருக்கு ஐந்து நிமிட வேலை, இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகரும் இணையதள வடிவமைப்பாளருமான ஒருவர்,
திருச்சி