எலி பூனை பிடித்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'தமிழ் வாக்கியத்தில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது' என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரையாளர் தமிழ்ப் பற்றோடு எழுதியிருக்கிறார், அதில் குறை இல்லை. ஆனால் சொன்னது பாதிதான். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் பக்கம் என்பதால் மீதியை நான் சொல்லிவிடுகிறேன். மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள் நான். வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு.

'முருகன் வள்ளியைப் பார்த்தான்' என்ற அவருடைய உதாரணம் சரி. 'வள்ளியை முருகன் பார்த்தான்', 'பார்த்தான் முருகன் வள்ளியை' என்று எப்படிப் புரட்டினாலும் பார்த்தவன் முருகன்தான். அழுத்தம் மட்டும் இடம் மாறும். வள்ளியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ' உருபு செய்யும் வேலை இது. ஆனால் அஃறிணைப் பெயர் வந்தால் அந்த 'ஐ'யைப் பல நேரம் நாம் விட்டுவிடுகிறோம். டீ குடித்தேன், பஸ் பிடித்தேன், படம் பார்த்தேன் என்றுதானே சொல்கிறோம்? இப்போது 'பூனை எலி பிடித்தது' என்பதைப் புரட்டிப் பாருங்கள். 'எலி பூனை பிடித்தது.' மாட்டிக்கொண்டது பூனை! உருபு இல்லாத செயப்படுபொருள் வினைக்குப் பக்கத்திலேயே உட்காரும். உருபு செய்யாத வேலையை இடம் செய்கிறது. 'எலி'யில் கொஞ்சம் இழுத்து நிறுத்திச் சொன்னால் பேச்சில் தப்பிக்கலாம், அச்சில் அந்த வசதி கிடையாது.

இன்னொன்று. 'நான் வாங்கிய புத்தகம் கிழிந்துவிட்டது' என்பதைக் 'கிழிந்துவிட்டது நான் வாங்கிய புத்தகம்' என்று சொல்லலாம். 'புத்தகம் வாங்கிய கிழிந்துவிட்டது நான்' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். 'நான் வாங்கிய புத்தகம்' என்பது ஒரே கூறு. நகர்ந்தால் மொத்தமாக நகரும், உள்ளே இருப்பவை ஆளுக்கொரு திசையில் போகாது. செய்யுளில் போகுமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். போகும். அதனால்தான் நன்னூலில் பவணந்தியார் மொழிமாற்று, கொண்டுகூட்டு என்று எட்டு வகைப் பொருள்கோளைச் சொல்லி, பாட்டின் சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள் கொள்வது என்று வழிகாட்டுகிறார். எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்றால் அவருக்கு அந்த வேலை எதற்கு?

'எல்லா வாக்கியத்திலும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை இருக்கும்' என்ற வரிதான் எனக்கு நெருடல். 'அவர் டாக்டர்' என்பதில் வினையே இல்லை, 'டாக்டர்' என்ற பெயரே பயனிலை. சரி, அது பள்ளியிலேயே சொல்லித் தருவது. என் அக்கா மகனுக்குத் தேர்வில் வந்த கேள்வியைப் பாருங்கள்: 'எனக்குப் பசிக்கிறது. இதில் எழுவாய் யாது?' பையன் 'எனக்கு' என்று எழுதினான். ஆசிரியர் அடித்துவிட்டு, 'பசி, தோன்றா எழுவாய்' என்று சிவப்பில் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தாள்.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடத்தில் ஒத்துப்போக வேண்டும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்கும் கிளவியாக்கத்தில் இந்தப் பொருத்தம்தான் பேச்சு. எனக்கும் பசிக்கிறது, உனக்கும் பசிக்கிறது, அவர்களுக்கும் பசிக்கிறது. வினை அசைந்து கொடுக்கவில்லை. ஆகவே 'எனக்கு' எழுவாய் இல்லை. ஆனால் இதே அச்சில் வேறொரு வாக்கியத்தை எடுங்கள்: 'குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்.' எழுவாய் உருபு இல்லாமல்தான் வரும்; அப்படி ஒரு பெயர்கூட இதில் இல்லை. அதே சமயம் 'தன்' யாரைக் குறிக்கிறது? குமாரை. 'குமார் தன் தம்பியை அடித்தான்' என்பதில் எழுவாயைத் தேடிப் போகிற அதே 'தன்' இங்கே 'குமாருக்கு' என்பதைத் தேடிப் போகிறது. வினைக்கு எழுவாயாக இல்லாதது 'தன்'னுக்கு எழுவாயாக இருக்கிறது! நான்காம் வேற்றுமை எழுவாய், அதாவது 'கு' உருபோடு வரும் எழுவாய், என்று மொழியியல்காரர்கள் விவாதிப்பது இதைத்தான். தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் இந்த அமைப்பு உண்டு. பையனுக்குப் பாதி மதிப்பெண்ணாவது போட்டிருக்கலாம் என்பது சித்தியின் தீர்ப்பு.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரெச்சம், வினையெச்சம் என்று பெயர் சொல்லவைத்தது போதும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எது எதோடு சேர்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் உரையாசிரியர்கள் அதைத்தான் செய்தார்கள். 'புலி கொல் யானை' என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் கொன்றது யானை. யானையின் தந்தம் என்று தொடர்ந்தால் செத்தது யானை. 'நாய் கடித்த சிறுவன்' என்று இன்று நாம் எழுதுவதும் இதே சிக்கல்தான். சிறுவன் நாயைக் கடிக்கமாட்டான் என்று நமக்குத் தெரிவதால் பிழைத்துப் போகிறோம்.

அந்த இணைப்பு வந்த நாளிலேயே உங்கள் முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு: 'சென்னையில் திருடிய நகைகளை விற்ற இருவர் கைது'. திருடியது சென்னையிலா, விற்றது சென்னையிலா, கைதானது சென்னையிலா? மூன்றுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. செய்திக்குள் போனால் திருட்டு ஆவடியில், கைது செங்குன்றத்தில்; நகை கைமாறியது மட்டும் சென்னை சௌகார்பேட்டையில். 'திருட்டு நகைகளைச் சௌகார்பேட்டையில் விற்ற இருவர் கைது' என்று போட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. தலைப்பும் அதே இரண்டு வரிக்குள் அடங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயப்பேட்டை, சென்னை