கடைசித் தேர்வுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை யார் பொறுப்பு? பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பள்ளியின் கடைசி வகுப்பைக் கையில் வைத்திருக்கிற வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சான்றிதழ் சரிபார்ப்பதுதான் என் வேலை. பாடம் நடத்தியது கிடையாது, கல்வியியல் படித்ததும் கிடையாது. ஆனால் நீங்கள் அனுப்பி வைக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் வந்து நிற்பது என் முன்னால்தான் என்பதால், உங்கள் கண்ணில் படாத சில விஷயங்கள் என் கண்ணில் தினமும் படுகின்றன. கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

போன சேர்க்கை நேரத்தில் ஒரு பெண் அவள் அப்பாவோடு வந்தாள். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் எல்லாச் சான்றிதழும் நகலோடு வரிசையாக. நல்ல மதிப்பெண், கேட்ட பாடத்திலேயே இடமும் ஒதுக்கியிருந்தோம். ஆனால் கட்டணம் கட்டக் கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்துவிட்டது. மூன்று தடவை செய்தி அனுப்பினோமே அம்மா என்றேன். எந்த நம்பருக்கு சார் என்றாள். திரையைப் பார்த்துப் படித்துக் காட்டினேன். அது யார் நம்பர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்பாதான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஆளுடையதாக இருக்கும் என்றார். மின்னஞ்சல் முகவரியும் அவர் உண்டாக்கியதுதான், பாஸ்வேர்டும் அவரிடம்தான். ஒதுக்கீட்டுக் கடிதம், நினைவூட்டல், கடைசி எச்சரிக்கை எல்லாமே ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன, யாரோ ஒருவருடைய சட்டைப்பைக்கு.

அந்த இடம் அதற்குள் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து நின்றவருக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை. ஃபைலை மூடி, அதன் பட்டனை அழுத்தி, தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் படித்த பள்ளியிலும் ஒரு வழிகாட்டி நாள் நடந்திருக்கும். பேனர் கட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து, கனவு காணுங்கள் என்று பேச வைத்து, கடைசியில் குழுப்படம். நானே அப்படி ஒரு விழா மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், கை தட்டவும் செய்திருக்கிறேன். அந்த மேடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது ஒரே கேள்வி: நீ என்ன ஆகப் போகிறாய்? பிள்ளைகளும் பதில் சொல்லிவிடுகிறார்கள், என்ன சொன்னால் பெரியவர்கள் விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) 2018ல் 15 வயதுப் பிள்ளைகளிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டது. 41 நாடுகளில் பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் சொன்னது வெறும் பத்தே பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டது. உலகத்தில் எத்தனை ஆயிரம் வேலை இருக்கிறது! மீதி எதுவும் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. இதைப் பிள்ளைகளின் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும் வேலை தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இதற்கென்றே ஓர் அலுவலகம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அவர் சொன்ன வழி. அதே வருடம் அவர் இறந்துபோனார், இந்த வழியை அவர் எழுதிய புத்தகம் அடுத்த வருடம்தான் வெளிவந்தது. நூறு வருடம் தாண்டியும் நாம் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குத் தாவுகிறோம்.

ஆனால் நான் எழுத வந்தது இதுவும் இல்லை. வழி தேர்ந்தெடுத்து, இடமும் கிடைத்த பிள்ளை எங்கே தொலைகிறது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கடைசித் தேர்வு எழுதி முடித்த அன்று உங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர் போய்விடுகிறது. எங்கள் பதிவேட்டில் ஏற இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இடைவெளியில் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போகும்? வீட்டில் முன்னால் படித்தவர்கள் இருந்தால் தப்பித்தது. இல்லாத வீட்டில், ஒரு சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால் அதற்கு எங்கே போய் என்ன செய்வது, விடுதிக்கு முன்பணம் தனியாகக் கட்ட வேண்டுமா, உதவித்தொகை வருவதற்கு முன்னாலேயே கட்டணம் கேட்கிறார்களே என்று ஒவ்வொன்றும் மலையாகத் தெரியும். எனக்கு இதெல்லாம் ஐந்து நிமிடக் கேள்வி. பதினேழு பதினெட்டு வயதில், அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்கும்போது, வேண்டாம் விடு என்று சொல்லப் போதுமான காரணம்.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தே வைத்திருக்கிறார்கள். பெஞ்சமின் காஸில்மேன், லிண்ட்சே பேஜ் என்ற இரண்டு கல்வி ஆராய்ச்சியாளர்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போவது என்று முடிவு செய்த மாணவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்தக் கோடை விடுமுறைக்குள் காணாமல் போகிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகளில் இன்னும் அதிகம் என்று கணக்குச் சொன்னார்கள். கோடையில் கரைந்துபோவது என்றே அதற்குப் பெயர். அடுத்து என்ன தேதி, என்ன காகிதம் என்று நினைவுபடுத்திச் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பி, கேள்வி இருந்தால் பேச ஓர் ஆலோசகரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஊர்களில் சேர்க்கை சில சதவீதப் புள்ளிகள் கூடியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். காஸில்மேனே பிறகு வேறு சிலரோடு சேர்ந்து, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார். ஒரு பலனும் இல்லை. காரணத்தை ஆராய்ச்சிக்காரர்கள் பல விதமாகச் சொல்லலாம், ஜன்னல்காரனாகிய எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: முகம் தெரியாத இடத்திலிருந்து வருகிற செய்தியை யார் படிக்கிறார்கள்? நீங்களும் நானும் படிக்கிறோமா? எங்கள் கல்லூரி அனுப்புகிற செய்தியும் அந்தப் பிள்ளைக்கு முகம் தெரியாத செய்திதான். அதே வரியை, போன மாதம் வரை தன் பெயர் சொல்லி வருகை எடுத்த ஆசிரியர் அனுப்பினால் அது திறக்கப்படும்.

அதனால்தான் இதை அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. கடைசித் தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு பீரியட் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் மின்னஞ்சலைத் தானே திறந்து, தானே பாஸ்வேர்டு போட்டு, வீட்டில் எப்போதும் கையில் இருக்கிற நம்பரைக் கொடுக்கிற பழக்கத்தை அங்கேயே ஏற்படுத்திவிடுங்கள். சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று அப்போதே பார்த்துவிட்டால், திருத்துவதற்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கும். என் ஜன்னலில் பார்த்தால் ஒரு நாள்தான் இருக்கும். அப்புறம், அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டு. பெயர், எங்கே இடம் கிடைத்தது, கட்டணத் தேதி, கட்டியாயிற்றா. வாரம் ஒருமுறை யாராவது ஓர் ஆசிரியர் அதைப் புரட்டி, காலியாக இருக்கிற கட்டத்துக்கு மட்டும் போன் செய்தால் போதும்.

உங்களுக்கு ஏற்கெனவே வேலை கழுத்து வரை இருக்கிறது என்று தெரியும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது. பல பள்ளிகளில் அந்தப் பதவியே இருக்காது, இருந்தாலும் அவரைத்தான் வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்புவார்கள். ஆனால் ஐம்பது பேர் வகுப்பில் காலிக் கட்டம் ஐம்பதும் இருக்காது. ஏழெட்டு இருக்கும். அந்த ஏழெட்டுப் பேர் யார் என்று வகுப்பாசிரியரைக் கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

கல்லூரிக்கு வராத பிள்ளைகளையும் அந்த நோட்டில் சேருங்கள், தயவுசெய்து. தேர்ச்சிச் சதவீதம் எழுதுகிற பலகையில் அவர்களுக்கு இடம் இல்லை என்பதற்காக அவர்களுக்குத் திட்டமே இல்லை என்று ஆகிவிடாது. ஜெர்மனியில் 300க்கும் மேற்பட்ட தொழில்களை, நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை வருடத்தில் கற்றுக்கொள்கிறார்கள். படிப்பு வராதவன் போகிற இடம் என்று அங்கே பொதுவாக அதை ஒதுக்கிவிடுவதில்லை. எல்லா இடத்திலும் அப்படி அமைப்பு இருக்காது, சரி. ஆனால் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால், எந்தப் பட்டறை, யாரிடம், எத்தனை வருடம், கடைசியில் கையில் சான்றிதழ் இருக்குமா என்று கேட்க ஒரு பெரியவர் அவனுக்கும் வேண்டும்தானே? கல்லூரிப் பிள்ளையிடம் இருபது கேள்வி கேட்கிறோம், அவனிடம் ஐயோ பாவம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் வந்த மறுநாள், எங்கள் விண்ணப்பப் படிவத்தை முதன்முறையாக ஒரு மாணவர் மாதிரி நிரப்பிப் பார்த்தேன். படித்த பள்ளியின் பெயர் கேட்கிறோம், பள்ளியின் போன் நம்பர் கேட்பதே இல்லை. பணம் கட்டாத பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எங்களிடம் வழியே இல்லாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். இந்த வருடப் படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. வருகிற வரைக்கும் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால், கட்டாதவர்கள் பட்டியலைப் பள்ளிவாரியாகப் பிரித்து நானே போன் செய்யலாம் என்று இருக்கிறேன். மணி அடித்தால் அலுவலகத்தில் யாராவது எடுக்கச் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன்