செயலி சொன்ன தேதிக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர்களின் கேள்விகளுக்கு இரவு பகலாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பல்கலைக்கழகங்கள் கொண்டுவர வேண்டும் என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் உதவி எண்ணை அழைத்து அழைத்து ஓய்ந்துபோகும் பிள்ளைகளை அறிவேன். ஆகவே இந்த யோசனையை மனதார வரவேற்கிறேன். ஆனால் செயலி தவறான பதில் சொன்னால் யார் பொறுப்பேற்பது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

2024 பிப்ரவரியில் கனடாவில் இப்படி ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. பாட்டி இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட ஒருவரிடம், துக்கப் பயணச் சலுகையை டிக்கெட் எடுத்த பிறகும் கோரலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத் தளத்தின் உரையாடல் செயலி சொல்லியிருந்தது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. செயலி சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஏற்காமல், இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அங்கே போனது சில நூறு டாலர். இங்கே அரியர் கட்டணத்துக்கோ மறுமதிப்பீட்டுக்கோ கடைசி நாளைத் தவறாகச் சொன்னால் மாணவருக்கு ஒரு பருவமே போய்விடும். வீட்டில் விசாரிக்க ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவர், செயலியின் பதிலை அலுவலகத்தின் பதிலாகவே எடுத்துக்கொள்வார். பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு பேசுவதை அவர் ஏன் சந்தேகிக்க வேண்டும்? ‘பதிலில் பிழை இருக்கலாம்’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமே இல்லை. செயலி சொன்ன தேதியை நம்பி வந்தவரிடம் அபராதம் வாங்காமல் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று விதியே எழுதிவிட வேண்டும்.

கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இத்தகைய உதவியாளர்கள் பெரும்பாலும் நாம் ஏற்றிவைத்த ஆவணங்களிலிருந்து தேடியெடுத்தே பதில் அமைக்கின்றன. மூன்று ஆண்டுக்கு முந்தைய கட்டணச் சுற்றறிக்கை தளத்தில் கிடந்தால் அதையும் தயக்கமின்றி எடுத்துச் சொல்லும். பழையதை நீக்கும் வேலை எந்த மேசையுடையது என்பது பல அலுவலகங்களில் யாருக்கும் தெரியாது. பொறுப்பு தலையில் விழும் என்றால்தான் அந்த வேலை நடக்கும்.

சோதனையும் மாணவர்கள் கேட்கிற விதத்தில் நடக்க வேண்டும். அவர்கள் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழிலும், பாதி வாக்கியத்திலும் கேட்பார்கள். விற்பனையாளர் ஆங்கிலத்தில் நடத்திக் காட்டும் செயல்விளக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

இன்னொன்று, தரவு. மாணவர்களின் பெயரும் பதிவு எண்ணும் சாதி விவரமும் உள்ள பட்டியலை அவசரத்துக்கு இலவசச் செயலி ஒன்றில் ஒட்டி அட்டவணை போட்டு வாங்குவது ஊழியர்களுக்கு எளிது. தடை உத்தரவால் மட்டும் அது நிற்காது. பாதுகாப்பான மாற்று கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு 2023 ஆகஸ்டிலேயே மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தனிச் செயலியைத் தந்தது. அதில் இடும் தகவல் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படாது என்ற ஏற்பாட்டோடு. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பணியை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு தரவைத் திரட்டிய நிறுவனத்துடையதே என்கிறது. டெண்டர் ஆவணத்தில் இது முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

இதற்கெல்லாம் புதிய குழு அமைத்து அறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டிலேயே, சாட்ஜிபிடி வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, வெளியிட்டது. மக்கள் பயன்பாட்டுக்கு விடும் முன் வெளிப்படைத்தன்மை, தனியுரிமை, சமநீதி ஆகியவற்றில் இத்தகைய அமைப்புகளை மதிப்பிட அதில் வழிமுறையும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் செயலி வாங்கினாலும் அந்த மதிப்பீட்டைச் செய்து, முடிவைத் தன் இணையதளத்தில் வெளியிட்ட பிறகே அதன் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் ஒப்புதல் அளிக்க வேண்டும். செயலியின் திரையில், அதன் பதிலில் ஐயம் எழுந்தால் பேசவேண்டிய அலுவலரின் பதவியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எடுக்க ஆளும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி மைய ஊழியர்,
திருச்சி.