அப்பாவுக்கு, ஹெல்சிங்கியிலிருந்து

டிசம்பர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிறது, பதில் போடாதது என் தப்புதான். குளிர் மைனஸ் பன்னிரண்டு. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இன்னும் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

இந்த ஊர்க்காரர்கள் என்ன படம் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நேற்று பின்லாந்தின் சுதந்திர தினம். மாலை ஆறு மணிக்கு ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு முன்பு டிவியில் வருஷா வருஷம் ஒரே படம்: 'பெயர் தெரியாத சிப்பாய்'. எட்வின் லைனே 1955இல் எடுத்த கறுப்பு வெள்ளை. மூன்று மணி நேரம், ப்ரொஜெக்டர் ஓட்டிய உங்கள் ஃபிலிம் கணக்கில் ஏறத்தாழ 16,000 அடி. அன்றைக்கு நாட்டு ஜனத்தொகை 42 லட்சம் சொச்சம். தியேட்டரில் பார்த்தவர்கள் 28 லட்சம்.

கதை, பின்லாந்து 1941 முதல் 1944 வரை ஜெர்மனி பக்கம் நின்று ரஷ்யாவோடு போட்ட சண்டை. தோற்ற சண்டை. ஆனாலும் நம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கர்ணன் சாவான் என்று தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்திருப்போமே, அப்படித்தான் பார்க்கிறார்கள். மாடிவீட்டுக் கிழவர் வருஷம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நேற்று டிவியை முந்திக்கொண்டு அவர் வசனம் சொல்வது கூரை வழியாகக் கேட்டது.

தளபதி, வரைபடம், பெரிய பேச்சு எதுவும் கிடையாது. இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவு ஒன்று, அவ்வளவுதான். ஒவ்வொருவனும் அவனவன் வட்டாரப் பேச்சு பேசுகிறான். நெல்லைக்காரனும் கோவைக்காரனும் ஒரே பதுங்குகுழியில் கிடந்த மாதிரி. ரோக்கா என்றொரு விவசாயி. மேலதிகாரியை மதிக்கமாட்டான், ஆனால் சண்டையில் அவனை விட்டால் ஆளில்லை. முந்தைய போரில் ரஷ்யா பிடித்துக்கொண்ட கரேலியா என்ற பகுதியில் இருக்கிறது அவன் நிலம். அதற்காகத்தான் வந்திருக்கிறான், தேசத்துக்காக என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை.

நீங்கள் பார்த்தால் ஒட்டு எங்கே என்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதிகாரிகளைக் கேலி செய்யும் கதை என்று ராணுவம் உதவ மறுத்துவிட்டது. அதனால் போர்க்காலத்தில் எடுத்த நிஜப் படத்துண்டுகளைச் சில சண்டைக் காட்சிகளில் சேர்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் புள்ளி பெரிதாகும், கறுப்பு வெளுக்கும். எனக்கு அதுதான் படத்திலேயே பிடித்த இடம்.

அதே கதையை 1985இல் மோல்பெர்க் என்ற இயக்குநர் கலரில், கேமராவைக் கையிலேயே பிடித்து எடுத்தார். சிப்பாய்களாகப் புது முகங்கள், மீசை முளைக்காத பையன்கள். 2017இல் லௌஹிமியேஸ் என்ற இயக்குநர் மூன்றாவது முறை எடுத்தபோது ஒரே ஷாட்டில் 70 கிலோ டிஎன்டிக்குச் சமமான வெடி வைத்து உலக சாதனை ஆனது. வெடியைவிட, ரோக்கா லீவில் வீட்டுக்குப் போகும் காட்சிகள்தான் அதில் சரக்கு. பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். எதிரியின் முகம் மட்டும் மூன்றிலும் அபூர்வம். காட்டுக்குள்ளிருந்து குண்டு வரும், ஆள் விழுவான்.

படம் முடிவதற்குள் வெளியே இருட்டிவிட்டது. மணி நாலுதான். நீங்கள் டூரிங் கொட்டகையில் ப்ரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றும்போது வரும் அந்த வாசனை ஞாபகம் வந்தது. அப்புறம் வேறெதுவும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. செல்வியின் நகைச் சீட்டை மட்டும் சித்தப்பாவிடம் சொல்லி இந்தத் தவணை கட்டிவிடுங்கள். உங்கள் கண் ஆபரேஷனை தைக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். மாமா வேலி போடுவதாக அம்மா போனில் சொன்னாள். சர்வேயர் வந்து அளக்கும்வரை மேற்குப் பக்கக் கல்லை யாரும் தொட விடாதீர்கள். பட்டா நகல் டிரங்குப் பெட்டியில், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது.

அன்புடன்,
குமார்