இரவில் வெடிக்கும் தண்ணீர்க் குழாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலை ஊற்றிலிருந்து லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) இறங்கும் பி.வி.சி. குழாய்கள் பெரும்பாலும் இரவில்தான் வெடிக்கின்றன. பகலில் தண்ணீர் ஓடும்போது உராய்வில் அழுத்தம் குறையும். அப்போது அழுத்தமானி பார்த்துப் பயனில்லை. லயங்களில் தண்ணீர் பிடிக்கும் எல்லா பைப்பும் மூடிய பிறகே முழு அழுத்தமும் குழாயின் கீழ்முனையில் ஏறுகிறது.

இந்த முழு அழுத்தத்துக்குக் குழாயின் நீளம் கணக்கில் வராது. தொட்டி நீர்மட்டத்துக்கும் கடைசி லயத்துக்கும் உள்ள செங்குத்து உயரமே வேண்டும். அடிக்கணக்கை 2.31ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), அதை 14.5ஆல் வகுத்தால் 'பார்' என்ற அழுத்த அலகு. 280 அடி இறக்கம் என்றால் 121 பி.எஸ்.ஐ., அதாவது 8.4 பார், 840 கிலோபாஸ்கல் அளவு. 6 பார் வரை தாங்கும் குழாய் இதை எப்படித் தாங்கும்?

சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோ என்று காட்டும் மானியைப் பார் என்றே வாசித்தாலும் வித்தியாசம் 2 சதவீதம்தான்; விட்டுவிடலாம். ஆபத்து மெகாபாஸ்கல் மானியில்தான். முள் 0.8இல் நின்றால் "ஒன்றுகூட இல்லையே" என்கிறார்கள். அது 8 பார்!

தடித்த குழாய் போட்டால் குழாய் தப்பும், லயத்து பைப் வாஷர்கள் தப்பாது. 140 அடியில் ஓர் இடைத்தொட்டி கட்டினால் ஒவ்வொரு பாதியிலும் 4.2 பார் மட்டுமே. அதற்கு மிதவை வால்வு (தொட்டி நிறைந்ததும் தானாக மூடுவது) கட்டாயம்; இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தண்ணீர் வழிந்து ஓடும்.

குழாய் பொருத்துநர்கள்,
ஹட்டன்.